திரையில் இடம் யாருக்கு? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் ஊடகச் சாய்வும்

2025 மார்ச் 16, ஞாயிறு மாலை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஆண்கள் கூடைப்பந்துத் தொடருக்கான 68 அணிகளின் பட்டியல் வெளியானதும் அமெரிக்காவில் பெரிய சண்டை மூண்டது. வாசற்படியில் காத்திருந்த அணிகளில் நார்த் கரோலினா உள்ளே, வெஸ்ட் வர்ஜீனியா வெளியே. மிக வலுவான எதிரிகளோடு ஆடிய 13 ஆட்டங்களில் கரோலினா வென்றது ஒன்றே ஒன்று. வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு அதே தரத்தில் 6 வெற்றிகள். போதாக்குறைக்கு, அந்த ஆண்டுத் தேர்வுக் குழுவின் தலைவர் பப்பா கன்னிங்ஹாம் கரோலினாவின் விளையாட்டுத் துறை இயக்குநர். தன் அணியைப் பற்றிய பேச்சு வந்தபோது விதிப்படி அவர் ஒதுங்கிக்கொண்டார். இருந்தும் வெஸ்ட் வர்ஜீனியா ஆளுநர் செய்தியாளர்களைக் கூட்டி, விசாரணை வேண்டும் என்று பேசுகிற அளவுக்கு விஷயம் போனது.

பெரிய பெயர், டிவிக்குப் பார்வையாளர் வேண்டும், அதனால் எடுத்துவிட்டார்கள். அன்று ஊரெல்லாம் சொன்ன விளக்கம் இது. என் கணிப்பில் இது பாதிதான் சரி. டிவி வேலை செய்தது உண்மை. ஆனால் அது வேலை செய்த நாள் மார்ச் 16 கிடையாது. கரோலினாவின் அந்த ஒரே வெற்றியைப் பாருங்கள்: 2024 டிசம்பர் 21, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், யுசிஎல்ஏவுக்கு எதிராக 76-74. அந்த நிகழ்ச்சியின் பெயர் சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் கிளாசிக். 2014 முதல் கரோலினா, கென்டக்கி, யுசிஎல்ஏ, ஒஹாயோ ஸ்டேட் என்ற நான்கு அணிகளே அதில் முறைவைத்து மோதிவந்தன. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பெயரிலேயே நடக்கும் ஆட்டம் அது. அந்த வாய்ப்பு கிடைக்காத அணி, அந்த வெற்றியைக் கனவில்கூடப் பெற முடியாது.

கல்லூரிக் கூடைப்பந்தில் ஊடகச் சாய்வைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வர்ணனையாளரின் வாயையும் வாராந்திரத் தரவரிசையையும்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் ஆட்ட அட்டவணை. ஒரு கல்லூரி அணி எழுவதிலும் விழுவதிலும் ஊடகத்துக்குக் கை உண்டென்றால், அந்தக் கை அங்கேதான் இருக்கிறது.

தரவரிசையை முதலில் முடித்துவிடலாம். ஏபி செய்தி நிறுவனத்தின் வாராந்திரப் பட்டியல் 1949 ஜனவரியில் தொடங்கியது. இப்போது அறுபது பேர் அளவில் விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். ஒவ்வொருவரும் 25 அணிகளை எழுதுவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 24, இப்படியே இறங்கி 25-ஆவது இடத்துக்கு 1. கூட்டிப் பார்த்தால் பட்டியல் தயார். இதில் சாய்வு உண்டா என்றால், உண்டு. போன வாரம் எழுதிய பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்த வாரப் பட்டியலை எழுதுகிறார்கள். தோற்றவரைக் கொஞ்சம் இறக்கி, வென்றவரைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். அதனால் அக்டோபரில் மேலே வைத்த அணி சில தோல்விகளைத் தாங்கும். பட்டியலுக்கு வெளியே தொடங்கிய அணி உள்ளே வரவே சில வாரம் பிடிக்கும். மேற்குக் கடற்கரை ஆட்டங்கள் முடிகிறபோது கிழக்கில் நள்ளிரவு தாண்டியிருக்கும், அங்கிருப்பவர்கள் முழு ஆட்டத்தையும் பார்ப்பது அரிது.

ஆனால் இந்தச் சாய்வு சாம்பியனை உருவாக்குகிறதா? 2022-23 சீசன் ஒன்றே போதும். தொடக்கப் பட்டியலில் கரோலினா முதலிடம். கனெக்டிகட் பல்கலைக்கழகம், அதாவது யுகான், 25-க்குள்ளேயே இல்லை. மார்ச்சில் கரோலினா தொடருக்கே தேர்வாகவில்லை. 1985-இல் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, தொடக்கத்தில் முதலிடம் பெற்ற அணி ஒன்று இப்படி வெளியே நின்றது அதுவே முதல் தடவை. யுகான் கோப்பையை வென்றது. 2006 ஃப்ளோரிடாவும் 2011 யுகானும்கூட தொடக்கப் பட்டியலில் இல்லாமல் சாம்பியன் ஆனவைதான்.

காரணம் எளிது. தேர்வுக் குழுவின் மேசையில் ஏபி பட்டியல் முக்கிய ஆவணமே கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பக்கத்தில் டீம் ஷீட் என்ற ஒன்று இருக்கும். சண்டையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். மேலே நெட் என்ற எண். 2018-இல் பழைய ஆர்பிஐ கணக்குக்குப் பதிலாக என்சிஏஏ கொண்டுவந்த தர எண் அது. அதன் பக்கத்தில் கென்பாம், டார்விக், பிபிஐ, கேபிஐ போன்ற பிற கணக்குகள், அண்மையில் சேர்ந்த வாப் என்ற கணக்கு. கீழே அந்த அணி ஆடிய எல்லா ஆட்டங்களும் நான்கு கட்டங்களாக. முதல் கட்டம்தான் குவாட் 1. அதில் ஒரு ஆட்டம் இடம்பெற எதிரணியின் நெட் எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது: சொந்த அரங்கில் ஆடினால் 1 முதல் 30 வரை, பொது அரங்கில் 1 முதல் 50 வரை, எதிரியின் அரங்கில் 1 முதல் 75 வரை. சொந்த அரங்கில் 160-க்குக் கீழுள்ள அணியைச் சந்தித்தால் அது குவாட் 4, வென்றாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், தோற்றாலோ தலையில் விழும்.

பிபிஐயும், சாதனைப் பலத்தை அளக்கும் எஸ்ஓஆர் என்ற எண்ணும் இஎஸ்பிஎன் நிறுவனத்தின் தயாரிப்புகள். ஒளிபரப்பு உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு தேர்வுத் தாளில் இருப்பது சரியா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை வேறு யாராவது நடத்துவதே முறை. ஆனால் சூத்திரத்துக்குச் சட்டை நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் யாரோடு, எங்கே, எவ்வளவு வித்தியாசத்தில் என்பதுதான். 'யாரோடு', 'எங்கே' என்ற இரண்டையும் முடிவு செய்வது அட்டவணை. அட்டவணையின் பெரிய பகுதியைத் தீர்மானிப்பது பணமும் டிவியும்.

அட்டவணை எப்படி உருவாகிறது? ஓர் அணிக்குச் சீசனில் 31 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 18 முதல் 20 வரை சொந்தக் கான்ஃபரன்சுக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கும் கல்லூரிக் குழுவுக்குள்ளேயே, போய்விடும். மீதி ஒரு டசன் ஆட்டங்கள் நவம்பர், டிசம்பரில். டியூக், கென்டக்கி, கான்சஸ், மிச்சிகன் ஸ்டேட் நான்கும் 2011 முதல் சாம்பியன்ஸ் கிளாசிக்கில் ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பரில், இஎஸ்பிஎன்னில் மோதுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஆளுக்கொரு குவாட் 1 ஆட்டம், தோற்றாலும் பாதகமில்லை. பிறகு தீவுகளில் நடக்கும் தொடர்கள், கான்ஃபரன்சுக்கு எதிராகக் கான்ஃபரன்ஸ் என்று டிவிக்காக அமைத்த சவால்கள். மிச்சம் உள்ள இடங்களைச் சிறிய கல்லூரிகளை விலைக்கு அழைத்து நிரப்புகிறார்கள். வந்து தோற்றுவிட்டுப் போக ஒரு லட்சம் டாலரை ஒட்டிய தொகை கொடுப்பார்கள். இதற்கு பை கேம் என்று பெயர். சிறிய கல்லூரிக்கு அந்தப் பணம் இல்லாமல் துறையை ஓட்ட முடியாது. அதே சிறிய கல்லூரி நல்ல அணியாக இருந்தால் யாரும் அழைக்க மாட்டார்கள், தோற்றுவிடுவோமோ என்ற பயம். அதன் அரங்குக்கு வந்து ஆடவோ எந்தப் பெரிய அணியும் சம்மதிக்காது.

இண்டியானா ஸ்டேட் 2024-இல் மாட்டியது இந்தப் பொறியில்தான். 1979-இல் லாரி பேர்டோடு தோல்வியே காணாமல் இறுதிக்கு வந்து, மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் விழுந்த அதே கல்லூரி. 2024-இல் 28 வெற்றி, 6 தோல்வி. நெட் வரிசையில் முதல் 30-க்குள். கண்ணாடி போட்டு ஆடும் பெரிய உருவம் ராபி அவீலாவை ஊடகங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின, பட்டப்பெயர்கள் குவிந்தன. தன் கான்ஃபரன்சான மிசௌரி வேலியின் இறுதியில் டிரேக்கிடம் தோற்றதும் எல்லாம் முடிந்தது. குழு அவர்களை எடுக்கவில்லை. அலபாமாவிலும் மிச்சிகன் ஸ்டேட்டிலும் போய் ஆடித் தோற்றதைத் தவிர, பெரிய எதிரிகளைச் சந்திக்க அவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவீலாவும் பின்னாலேயே போனார்.

2016 மான்மத் பல்கலைக்கழகத்தின் கதையும் இதே வகை. அதன் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் நின்றபடி அரங்கேற்றிய கொண்டாட்டங்கள் நாடு முழுக்கத் திரையில் ஓடின. யுசிஎல்ஏ, நோட்டர் டேம், ஜார்ஜ்டவுன் எல்லாவற்றையும் வென்றிருந்தார்கள். ஆனாலும் பலவீனமான அணிகளிடம் தோற்ற சில ஆட்டங்கள் கழுத்தில் சுருக்காக இறுகின. 13 தோல்வியோடு சிரக்யூஸ் உள்ளே போனது, இறுதி நான்கு வரை சென்றது. ஊடகத்தின் பாசம் மட்டும் சீட்டு வாங்கித் தருமானால் மான்மத் அன்று உள்ளே இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம், டிவி ஒரு சிறிய அணிக்கு உண்மையில் உதவியது. 2003 முதல் 2013 வரை இஎஸ்பிஎன் பிப்ரவரியில் பிராக்கெட்பஸ்டர்ஸ் என்ற ஏற்பாட்டை நடத்தியது. வெவ்வேறு சிறிய கான்ஃபரன்ஸ்களின் நல்ல அணிகளை ஒரு வார இறுதியில் மோதவிட்டு, நாடு முழுக்கக் காட்டுவார்கள். அடுத்து வரும் ஒரு சீசனில் பதில் ஆட்டம் எதிர் அரங்கில். 2006 பிப்ரவரியில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் விச்சிட்டா போய் விச்சிட்டா ஸ்டேட்டை அதன் அரங்கிலேயே வென்றது. தன் கான்ஃபரன்ஸ் தொடரில் ஹோஃப்ஸ்ட்ராவிடம் தோற்றும், 11-ஆவது சீடாக (சீடு என்பது தொடரில் அணிக்குக் குழு தரும் வரிசை எண், 1 உயர்ந்தது) உள்ளே வந்ததில் அந்த ஒரு வெற்றிக்குப் பெரிய பங்கு. அறிவிப்பு நாளில் சிபிஎஸ் நேரலையில் பில்லி பேக்கரும் ஜிம் நான்ட்ஸும் குழுத் தலைவர் கிரெய்க் லிட்டில்பேஜைப் பிடித்து, சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கு ஏன் இத்தனை இடம் என்று குடைந்தார்கள். பிறகு நடந்ததை உலகம் அறியும்: மிச்சிகன் ஸ்டேட், கரோலினா, மறுபடி விச்சிட்டா ஸ்டேட், கடைசியில் கூடுதல் நேரத்தில் யுகான் 86-84. ஜார்ஜ் மேசன் இறுதி நான்கில்.

இந்தக் காட்சியை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே துறையின் இரண்டு முகங்கள் இதில் தெரிகின்றன. கருத்துச் சொல்லும் ஊடகம் ஜார்ஜ் மேசனுக்கு எதிராக நின்றது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டத்தை ஏற்பாடு செய்த ஊடகம் அதற்கு வழி திறந்தது. அதே ஆண்டு அதே ஹோஃப்ஸ்ட்ரா, ஜார்ஜ் மேசனைச் சீசனின் கடைசி வாரங்களில் இரண்டு முறை வென்றும் வெளியே நின்றது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த மக்களின் கோபம் நியாயமானது.

இனி நீண்ட காலக் கணக்குக்கு வருவோம், பிக் ஈஸ்ட் கான்ஃபரன்சை விடச் சிறந்த பாடம் கிடையாது. 1979-இல் பிராவிடன்ஸ் நகரத்து டேவ் கேவிட் ஏழு கல்லூரிகளைச் சேர்த்து அதைத் தொடங்கினார். தேர்வின் அடிப்படையே டிவி சந்தை: நியூயார்க்குக்கு செயின்ட் ஜான்ஸ், வாஷிங்டனுக்கு ஜார்ஜ்டவுன், பாஸ்டனுக்கு பாஸ்டன் காலேஜ். அதே 1979 செப்டம்பர் 7 அன்று கனெக்டிகட்டின் பிரிஸ்டலில் இஎஸ்பிஎன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 24 மணி நேரத்தை நிரப்ப அதற்கு ஆட்டங்கள் வேண்டும், கேவிட்டுக்குத் திரை வேண்டும். ஆறே ஆண்டுகளில், 1985-இல், இறுதி நான்கில் மூன்று இடம் பிக் ஈஸ்ட்டுக்கு: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. 8-ஆவது சீடு வில்லனோவா 28 எறிதல்களில் 22-ஐக் கூடையில் போட்டு ஜார்ஜ்டவுனை 66-64 என வென்றது. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் பையன்கள் தெற்கே ஓடாமல் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே தங்கியதற்கு, திங்கட்கிழமை இரவு வீட்டு டிவியில் தெரிந்த முகங்கள் முக்கியக் காரணம்.

ஆகவே இஎஸ்பிஎன்தான் எல்லாம் என்று சொல்லிவிடலாமா? 2013-இல் அமெரிக்கக் கால்பந்துப் பணத்தால் பழைய பிக் ஈஸ்ட் உடைந்தது. கத்தோலிக்கக் கல்லூரிகள் ஏழும் பெயரை எடுத்துக்கொண்டு ஃபாக்சிடம் போயின, 12 ஆண்டுக்கு 50 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம். அவர்களின் ஆட்டங்கள் போனது எஃப்எஸ்1 என்ற புதிய, குறைவானவர்கள் பார்க்கும் சேனலுக்கு. திரை சிறுத்துவிட்டது, இனி வீழ்ச்சிதான் என்றார்கள். 2016-இலும் 2018-இலும் வில்லனோவா சாம்பியன். யுகான் மட்டும் அமெரிக்கன் என்ற புதிய கான்ஃபரன்சில் இஎஸ்பிஎன் பக்கமே நின்றது. முதல் ஆண்டில், 2014-இல், பழைய பலத்தில் கோப்பையும் வாங்கியது. பிறகு 2016-17 முதல் தொடர்ந்து மூன்று சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். ஜார்ஜ்டவுனோடும் வில்லனோவாவோடும் ஆடிய ஊரில், டூலேனோடும் ஈஸ்ட் கரோலினாவோடும் ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டம் சேரவில்லை. 2020-இல் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பியது. 2023, 2024 இரண்டிலும் சாம்பியன். பயிற்சியாளர் டேன் ஹர்லி 2018-இல் வந்ததும் இதில் பாதிக் காரணம், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் எந்தச் சேனல் என்பதைவிட எந்த எதிரி என்பது கனமானது என்று இந்தப் பத்தாண்டு காட்டுகிறது.

அதை இன்னும் கூர்மையாகக் காட்டும் ஒப்பீடு 2025-இல் கிடைத்தது. எஸ்இசி, ஏசிசி என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களின் ஒளிபரப்பு உரிமையும் இஎஸ்பிஎன் கையில். இரண்டுக்கும் தனிச் சேனலும் உண்டு. அந்த மார்ச்சில் எஸ்இசியின் 16 அணிகளில் 14 தேர்வாயின, இது சாதனை எண்ணிக்கை. ஏசிசியின் 18-இல் 4 மட்டும். ஒரே முதலாளியின் இரண்டு பிள்ளைகள், ஒன்று விருந்தில், ஒன்று திண்ணையில். சாய்வு என்றால் இரண்டுக்கும் இருந்திருக்க வேண்டும். வித்தியாசம் டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது: இரண்டு கான்ஃபரன்சும் மோதிய 16 ஆட்டங்களில் 14-ஐ எஸ்இசி வென்றது.

டிசம்பர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஜனவரிக்குப் பிறகு அணிகள் கிட்டத்தட்டத் தங்களுக்குள்ளேயே ஆடுகின்றன. வெளியே உள்ளவர்களோடு ஒப்பிட எண்களுக்குப் பிடிமானம் நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள் மட்டும்தான். அங்கே ஒரு கான்ஃபரன்ஸ் கூட்டாக வென்றுவிட்டால் அதன் எல்லா அணிகளின் நெட் எண்ணும் மேலேறும். அதன்பின் உள்ளே யாரிடம் தோற்றாலும் அது குவாட் 1 தோல்வி, மன்னிக்கப்படும். யாரை வென்றாலும் பெரிய வெற்றி. ஏசிசி அணிகளுக்கு நேரெதிர்: இரண்டு மாதம் ஓடியும் ஏற வழியில்லை.

எஸ்இசி இந்த நிலைக்கு வந்த பாதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. 2016-இல் அதற்கு 3 இடம்தான் கிடைத்தது. அந்த மார்ச்சில் மைக் டிராங்கீஸ் என்பவரை ஆலோசகராக அழைத்தார்கள். கேவிட் பிக் ஈஸ்ட் தொடங்கியபோது முதன்முதலில் வேலைக்கு எடுத்த மனிதர் அவர், பின்னாளில் அதன் ஆணையராகவும் இருந்தவர். நவம்பரில் உப்புச்சப்பில்லாத எதிரிகளைத் தவிர்க்கச் சொல்லிக் கல்லூரிகள் வற்புறுத்தப்பட்டன. கால்பந்து உரிமையிலிருந்து கொட்டிய டிவி பணம் நல்ல பயிற்சியாளர்களுக்கும், 2021 ஜூலைக்குப் பிறகு வீரர்களின் பெயர்-உருவ உரிமைத் தொகைக்கும் வழிவிட்டது. ஊடகம் வெற்றியை உருவாக்குகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று இதுதான். வர்ணனையாளர் எஸ்இசியைப் புகழ்ந்ததால் எதுவும் மாறவில்லை, காசோலை மாற்றியது.

டியூக் விஷயத்திலும் காலவரிசை முக்கியம். இஎஸ்பிஎன் வளர்த்த பிள்ளை என்று அதைத் திட்டுவது வழக்கம். அதன் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கியின் முதல் மூன்று சீசன் 38 வெற்றி, 47 தோல்வி. அன்று அவருக்காக எந்தக் கேமராவும் காத்திருக்கவில்லை. வெற்றிக்குப் பின்னால்தான் திரை வந்தது. வந்த திரை, அடுத்த தலைமுறை வீரர்களை இழுத்துவர உதவியது. இதில் முதலில் எது என்று கேட்டால் டியூக்கில் பதில் தெளிவு: கோச்.

ஒரே மார்ச்சில் கிடைக்கும் வெளிச்சம் எவ்வளவு தாங்கும்? 2022-இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் 15-ஆவது சீடாக வந்து கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டியூவை வீழ்த்தி கடைசி எட்டை எட்டியது. அந்த எண்ணிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் அணி. பத்து நாள் நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. தொடர் முடிந்ததும் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே தான் படித்த சீட்டன் ஹாலுக்குப் போனார். முன்னணி வீரர்கள் பெரும்பாலோர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். இறுதி ஆட்டம் நீங்கலாக, தொடரில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யூனிட் என்ற ஒரு பங்குத் தொகை, ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர். நான்கு ஆட்டத்துக்கு 80 லட்சம். அது கல்லூரிக்குப் போவதில்லை, கான்ஃபரன்சுக்குப் போகிறது. அதில் அன்று 11 உறுப்பினர்கள். சமமாகப் பிரித்தால் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு 1.2 லட்சம் டாலர், கிட்டத்தட்ட ஒரு பை கேம் கூலி. தங்கள் வரலாற்றின் உச்சத்துக்கு அந்தப் பையன்கள் ஈட்டித் தந்தது அவ்வளவே என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கொன்சாகா அதே தொடக்கத்தை வேறு மாதிரி கையாண்டது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்துச் சிறிய ஜெசூட் கல்லூரி. 1999-இல் 10-ஆவது சீடாகக் கடைசி எட்டு. அங்கேயும் கோச் டேன் மான்சன் உடனே பெரிய இடத்துக்குப் போனார். உதவியாளராக இருந்த மார்க் ஃப்யூவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள், அவர் போகவேயில்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பெரிய அணிகளோடு ஆடினார்கள், ஏனென்றால் சொந்தக் கான்ஃபரன்சில் பெரிய எதிரிகள் கிடைக்க மாட்டார்கள் என்று தெரியும். கிழக்கில் நள்ளிரவு ஆகும் திங்கட்கிழமைக் கடைசி ஒளிபரப்பு நேரத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். 2004-இல் 6,000 இருக்கையோடு புது அரங்கம். 2017, 2021 இரண்டிலும் இறுதி ஆட்டம். வெளிச்சம் விழுந்த இரண்டு மாதத்துக்குள் கோச்சையும் அடுத்த ஆண்டு அட்டவணையையும் பிடித்துக்கொள்கிற கல்லூரிதான் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

பெண்கள் ஆட்டத்தில் ஊடகத்தின் கை இன்னும் வெளிப்படை. 1995 ஜனவரி 16, திங்கள். ஸ்டோர்ஸ் நகரில் முதலிட டெனசியும் இரண்டாமிட யுகானும் இஎஸ்பிஎன்னில் மோதின. வழக்கமாகத் திங்கட்கிழமை வரும் ஏபி பட்டியலை அந்த ஆட்டம் முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். யுகான் 77-66 என வென்று முதலிடம் பிடித்தது, அந்தச் சீசனைத் தோல்வியே இல்லாமல் முடித்தது. இஎஸ்பிஎன் தலைமையகம் அதே சிறிய மாநிலத்தில் இருப்பது தற்செயலாக இருக்கலாம், பயன் தற்செயலானது இல்லை. மறுபக்கம், பெண்கள் தொடரின் உரிமையைப் பல ஆண்டுகளாக மற்ற இரண்டு டசனுக்கும் மேற்பட்ட சிறிய போட்டிகளோடு ஒரே மூட்டையாகக் கட்டி விற்றார்கள். 2021-இல் பெண்களுக்குக் கொடுத்த எடைப் பயிற்சி அறை எவ்வளவு அற்பம் என்று காட்டிய வீடியோ வெளியாகி ஊர் கொதித்தபின், என்சிஏஏ அமர்த்திய கேப்லன் சட்ட நிறுவனத்தின் அறிக்கை, அந்தத் தொடர் மட்டுமே 2025-இல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று மதிப்பிட்டது. ஆண்கள் தொடரின் புகழ்பெற்ற பெயரான மார்ச் மேட்னஸைக்கூட 2022 வரை பெண்களுக்குத் தரவில்லை. 2024 இறுதியில் சவுத் கரோலினா-ஐயோவா ஆட்டத்தை சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதியைச் சுமார் 1.48 கோடி பேர். பார்க்க ஆள் இல்லை என்று சொல்லிச் சொல்லியே திரையை மறைத்து வைத்திருந்தார்கள். இது சாய்வு, இதற்கு வேறு பெயர் தேட வேண்டாம்.

உங்கள் அணிக்கு அநியாயம் நடக்கிறதா என்று நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தேர்வு ஞாயிறன்று காலை ஏபி பட்டியலை எடுங்கள். டார்விக் தளத்தில் அதே நாளின் வரிசையை எடுங்கள். அது இலவசம், தேதி வைத்து வடிகட்டலாம். தேதி வடிகட்டாமல் ஏப்ரலில் பார்த்தால் தொடரின் முடிவுகளும் எண்ணுக்குள் கலந்துவிடும், பலர் சறுக்கும் இடம் இது. இரண்டுக்கும் 10 இடத்துக்கு மேல் வித்தியாசம் உள்ள அணிகளைக் குறியுங்கள். பிறகு சீடு எண் எதன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊர் அணியை மட்டும் பார்க்காதீர்கள், எல்லாவற்றையும் பாருங்கள், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு. ஒரே ஒரு தொடரில் ஓர் அணி தோற்றது எதையும் நிரூபிக்காது, 40 நிமிட ஆட்டத்தில் எதுவும் நடக்கும். 2021 லயோலா சிகாகோவை இந்த முறையில் வைத்தால் பளிச்சென்று தெரியும்: கென்பாமில் முதல் பத்துக்குள் இருந்த அணிக்கு 8-ஆவது சீடு. இரண்டாம் சுற்றிலேயே முதல் சீடு இல்லினாயை வென்றார்கள். தண்டனை இல்லினாய்க்கும் சேர்த்துத்தான்.

அதே 2021-இல் மேற்கின் பாக்-12 கான்ஃபரன்ஸ் அணிகளையும் வைத்துப் பாருங்கள். கடைசி இடங்களைப் பிடித்த அணிகள் தொடருக்கு முன் ஆடும் ‘முதல் நான்கு’ என்ற தகுதிச் சுற்றிலிருந்து யுசிஎல்ஏ இறுதி நான்கு வரை. கான்ஃபரன்சில் கடைசி இடம் என்று செய்தியாளர்கள் கணித்த ஒரிகன் ஸ்டேட் 12-ஆவது சீடாகக் கடைசி எட்டு வரை. தூங்கிப்போன கிழக்குச் செய்தியாளர்கள்மேல் பழி போட ஆசை வரும். அந்த ஆண்டு கோவிடால் நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள் ஏராளமாக ரத்தானதைச் சேர்த்துக்கொண்டால் இன்னொரு விளக்கம் கிடைக்கும்: எண்களுக்கே பிடிமானம் இல்லை.

இரண்டாவது சோதனை இதைவிடப் பயனுள்ளது. செப்டம்பரில் உங்கள் அணியின் அட்டவணை வந்ததும், கான்ஃபரன்சுக்கு வெளியே பொது அரங்கிலும் எதிரி அரங்கிலும் முதல் 75-க்குள் எதிர்பார்க்கப்படும் அணிகளோடு எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள். சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கு மூன்றுக்குக் கீழே இருந்தால், மார்ச் மாதச் சண்டையில் அது பாதி தோற்றாயிற்று.

2024 நவம்பரில் லாஸ் வேகஸில் பிளேயர்ஸ் எரா என்ற புதுத் தொடர் எட்டு அணிகளை அழைத்தது, ஒவ்வோர் அணியின் வீரர்களுக்கும் 10 லட்சம் டாலர் பெயர்-உருவ உரிமைத் தொகையோடு. எட்டில் ஏழு பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை. எட்டாவது சான் டியேகோ ஸ்டேட். அங்கே அது கிரெய்ட்டனை வென்றது, பின்னாளில் தேசிய இறுதிவரை போன ஹூஸ்டனைக் கூடுதல் நேரத்தில் 73-70 என வென்றது. மார்ச்சில் அந்த இரண்டு வெற்றிகளைத் தாங்கித்தான் அது கடைசி இடங்களில் ஒன்றைப் பிடித்தது. டேட்டன் நகரில் நடந்த ‘முதல் நான்கு’ சுற்றில் அதன் எதிரி, மேடிசன் ஸ்கொயர் கார்டன் வெற்றியோடு வந்த நார்த் கரோலினா. 95-68, கரோலினா வென்றது. மோர்கன்டவுனில் வெஸ்ட் வர்ஜீனியா வீரர்கள் அதை டிவியில்தான் பார்த்திருக்க முடியும்.